விழ மறுத்த பத்துப் பெட்டிகள்

அத்தியாயம் 6

பரிசோதனைக் கூடம் என்று கதவில் போட்டிருந்தது. உள்ளே போனால் நகைக்கடை மாதிரி இருந்தது.

கண்ணாடி அலமாரியில் பத்துக் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு சின்னத் திரை. ஒவ்வொரு திரையிலும் பச்சை நிறத்தில் ‘தேர்ச்சி’. தரையில் ஒரு ஒயர் துண்டு கிடையாது. மேஜையில் ஒரு காபிக் கறை கிடையாது. யாரும் யாரையும் திட்டிக்கொண்டிருக்கவில்லை. கணினி வேலை நடக்கும் இடம் என்று சத்தியம் பண்ணினால்கூட நம்ப முடியாது.

“செருப்பைக் கழட்டணுமாக்கா?” என்றான் தம்பி.

“வாயைக் கழட்டி வெளியில வச்சிட்டு வா, போதும்.”

அக்கா துப்பறிபவள். தம்பி அவளுடைய உதவியாளன். கணினிப் படிப்பை மூன்றாம் ஆண்டில் அம்போவென்று விட்டுவிட்டு வீட்டில் கிடந்தவனை, “இவனையும் கூட்டிட்டுப் போடி, கண்ணு முன்னாடி இருந்தா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது” என்று அம்மா தள்ளிவிட்டதில் அவனுக்குக் கிடைத்த பதவி அது. சம்பளம் உண்டா என்று கேட்டதற்கு அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வழக்கு இதுதான். இந்தக் கம்பெனி லிஃப்ட் செய்வதில்லை. லிஃப்டுக்கு மூளை செய்கிறது. போன வாரம் இந்தக் கட்டடத்து லிஃப்டே மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் செத்துப் போய் நின்றது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலாளி. மற்றவர், இந்த மூளையை மொத்தமாக வாங்க வந்த பெரிய மனிதர். லிஃப்டைப் பற்றிக் கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளையும் அவர் லிஃப்டுக்குள்ளேயே கேட்டு முடித்துவிட்டார். என்ன காரணம் என்று இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது படியில் இறங்கிப் போனார்.

லிஃப்டின் குறிப்புப் பெட்டியைத் திறந்து பார்த்ததில் கடைசி வரி இப்படி இருந்தது: மெமரி கேட்கப்பட்டது, இல்லை என்று சொல்லப்பட்டது. அதற்கப்புறம் வெறும் மௌனம்.

மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் நிரலை எழுதியவர் ஒரு பெண்மணி. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘பட்டுவாடா’தான். போன மாதம் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார். முதலாளி இரண்டையும் முடிச்சுப் போட்டார். போகிற போக்கில் பழி வாங்கிவிட்டாள், தீர்ந்தது கணக்கு. ‘வேண்டுமென்றே செய்தேன்’ என்று ஒரு கடிதம் தயார். மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் போலீஸ். அதோடு இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாக் கம்பெனிக்கும் அவர் பெயர் போகும். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இனி எவனும் அவரைக் கதவுக்குள் விடமாட்டான்.

அக்காவை அழைத்தது அந்தக் கடிதத்துக்கு ஆதாரம் கண்டுபிடிக்க. உண்மையைக் கண்டுபிடிக்கும்படி முதலாளி எங்கேயும் சொல்லவில்லை.

கதவு திறந்தது. பரிசோதனைத் தலைவர் உள்ளே வந்தார். வந்தார் என்பதைவிடக் கரை ஒதுங்கினார் என்பது பொருத்தம். பெரிய உடம்பு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ‘ஒரு நிமிஷம்’ என்று கையைக் காட்டிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இவர் கொடுக்கும் அறிக்கைகள் எல்லாமே பச்சை என்பதால் ஊழியர்கள் இவரைப் ‘பச்சை’ என்று கூப்பிடுகிறார்கள். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“அஞ்சு மாடி ஏறி வந்தீங்களா சார்? லிஃப்ட் ஓடுதே. நாங்க அதுலதான் வந்தோம்” என்றாள் அக்கா.

“டாக்டர்... படி ஏறச் சொல்லியிருக்கார்.”

“உங்க நிலைமையைப் பாத்தா அந்த டாக்டரைத்தான் நாங்க முதல்ல விசாரிக்கணும்” என்றான் தம்பி.

பச்சை அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டிகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தகப்பன் தெரிந்தார். “லிஃப்டுக்குள்ள இருக்கிற அதே மூளைதான் இந்தப் பத்துக்குள்ளயும் ஓடுது. கெர்னல்ல மெமரி ஒதுக்கீட்டுப் பகுதியை நாங்க ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் முறையில...”

“டேய், மனுஷ பாஷையில சொல்லு” என்று அக்கா தம்பியிடம் திரும்பினாள்.

“கெர்னல்ங்கிறது ஹாஸ்டல் வார்டன்க்கா. லிஃப்டுக்குள்ள ஓடுற ஒவ்வொரு ப்ரோக்ராமும் வந்து ரூம் கேக்கும். கதவைத் திறக்கிறவன் கேப்பான், மாடி நம்பர் காட்டுறவன் கேப்பான், வீடியோ போடுறவன் கேப்பான். ரூம்தான் மெமரி. வார்டன் குடுப்பார், வேலை முடிஞ்சதும் சாவியைத் திரும்ப வாங்கிக்குவார். அந்தக் கணக்கை எழுதினது பட்டுவாடா மேடம்.”

“ரூம் எல்லாம் தீந்துபோச்சுன்னா?”

“இல்லைன்னு சொல்லணும். சொன்னா, கேட்டவன் மரியாதையா வேற வழி பாக்கணும். அங்கயே படுத்துடக்கூடாது. இங்க நடக்கிற டெஸ்டே அதுதான். ரூம் இருக்கும்போதே பொய்யா இல்லைன்னு சொல்லிப் பாக்கிறது, ஆள் விழுறானா நிக்கிறானான்னு.”

“கரெக்ட்” என்றார் பச்சை. “இதுவரைக்கும் லட்சக்கணக்குல மறுத்திருக்கோம். ஒரு பெட்டிகூட விழல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணே ஒண்ணுகூட!” மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர் போல நிமிர்ந்து நின்றார். “அப்ப தப்பு இங்க இல்ல. அந்தம்மா லிஃப்டுல மட்டும் தனியா ஏதோ பண்ணியிருக்காங்க. ரூம் கேட்டதும் இல்லைன்னது அவங்க எழுதின கோட்தானே?”

அக்கா பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். ஒவ்வொன்றின் முகத்திலும் விரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான்.

“இது எதுக்கு சார்?”

“ரீசெட். பெட்டி உறைஞ்சு போச்சுன்னா அழுத்தி எழுப்புறதுக்கு.”

பொத்தானின் மேல் மெல்லிய கண்ணாடித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. புதுச் சாமான் வாங்கினால் கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவார்களே, அது. அக்கா நகத்தால் நெருடி உரித்தாள். பிசின் காயாமல் விரலில் ஒட்டியது. அடுத்த பெட்டி. அதிலும் தாள். அதற்கடுத்தது. அதிலும். பத்திலும்.

“நாங்க ரொம்ப ஜாக்கிரதையா வச்சுக்குவோம்” என்றார் பச்சை. கைக்குட்டை கழுத்துக்குப் போனது.

“தெரியுது சார்” என்றாள் அக்கா. “தொடவே இல்ல.”

*

வெளியே நடைபாதையில் ஒரு குளிர்பானப் பெட்டி கூட இல்லை. சுவர் முழுக்க முதலாளியின் படம்தான். முதலாளி கைகட்டி நிற்கிறார், முதலாளி தூரத்தைப் பார்க்கிறார், முதலாளி ஒரு லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று தூரத்தைப் பார்க்கிறார். கீழே வரவேற்பறையில் இதைவிடப் பெரிய கூத்து. அவர் தன் கையாலேயே எழுதிய முதல் நிரலை அச்சடித்துச் சட்டம் போட்டு, மேலே ஒரு விளக்கும் வைத்திருந்தார்கள். நிரலுக்குப் பெயர் ‘விடாமுயற்சி’. காலையில் தம்பி கழுத்தை நீட்டிப் படிக்கப் போனபோது, வரவேற்பில் இருந்த பெண், “சார், அது படிக்கிறதுக்கு இல்ல, பாக்கிறதுக்கு” என்று சொல்லிவிட்டாள்.

“அக்கா, வண்டிச் சாவி குடு. தெருமுனை வரைக்கும் போய் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்.”

“கிடையாது.”

“குடுக்கா.”

அக்கா பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து எறிந்தாள். அவன் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

“டேய், நில்லு.” அக்கா நடைபாதையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். “இப்ப என்ன நடந்துச்சு?”

“சாவி குடுத்தே. சரித்திரத்துல எழுதி வைக்க வேண்டிய விஷயம்தான்.”

“அதுக்கு முன்னாடி?”

“கிடையாதுன்னே.”

“கிடையாதுன்னதும் நீ என்ன பண்ணே?”

“மறுபடி கேட்டேன்.”

“ஏன்? வேற வழி பாத்திருக்கலாமே. நடந்து போயிருக்கலாம். காபியே வேணாம்னு இருந்திருக்கலாம்.”

“எதுக்கு? ரெண்டாவது தடவை கேட்டா நீ எப்படியும் குடுத்துடுவே. பொறந்ததுலேர்ந்து பாக்கிறேன்.”

“அப்ப, சாவி கிடைக்கலைன்னா நீ எப்படி நடந்துக்குவேன்னு நான் சோதிச்சுப் பாத்துட்டேன்னு யார்கிட்டயாவது சொல்ல முடியுமா?”

தம்பி கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

“அக்கா... அந்தப் பச்சை ஒரே ஒரு தடவைதான் இல்லைன்னு சொல்றான். அடுத்த தடவை எடுத்துக் குடுத்துடறான்.”

“லட்சக்கணக்குல மறுத்தோம்னான். ஒவ்வொரு டெஸ்டுலயும் ஒரே ஒரு மறுப்பு. அதான் எவனும் விழல, எவனும் அந்தப் பொத்தானைத் தொடல. விழுறவன் இருக்கிற இடத்துல எழுப்புற பொத்தான் தேய்ஞ்சு போயிருக்கணும்டா.”

“ஏன்க்கா அப்படி வச்சான்?”

“அதைத்தான் கேக்கப் போறோம். ஆனா அவன்கிட்ட இல்ல.”

*

பட்டுவாடாவைக் கூட்ட அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சாவி, அடையாள அட்டை, கீபோர்டு எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. மேஜையில் கடிதமும் அதன் மேல் ஒரு பேனாவும் மட்டும். நாற்பதை நெருங்கும் வயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அழுததற்கான அடையாளம் எதுவும் இல்லை. கோபத்தில் இருப்பவர்களுக்குக் கண்ணாடி அடிக்கடி அழுக்காகும் போலிருக்கிறது.

“இல்லைன்னு பொய் சொல்ற அந்தக் கருவியை எழுதினது யாரும்மா?” என்றாள் அக்கா.

“நான்தான்.”

“எத்தனை தடவை மறுக்கும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இந்தக் கேள்வியை இந்த ஆபீஸ்ல ஒருத்தர்கூட என்கிட்ட கேட்டதில்ல. கேட்கிற முதல் ஆளு முதலாளி கூலிக்குப் பிடிச்ச ஆளா இருக்கு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எண் குடுத்தா அத்தனை தடவை. எண் குடுக்கலைன்னா, நாமளா நிறுத்துற வரைக்கும் மறுத்துக்கிட்டே இருக்கும். நான் எண் வைக்காமத்தான் பச்சை சார்கிட்ட குடுத்தேன்.”

“இப்ப ஒண்ணுன்னு இருக்கு.”

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்து மாட்டினார்.

“ஒண்ணா?” என்றார் பிறகு. “அப்ப இத்தனை நாளா அங்க நடந்தது டெஸ்டே இல்ல. குசல விசாரிப்பு.”

தம்பிக்கு அவரைப் பிடித்துவிட்டது. “மேடம், நீங்க ஏன் ராஜினாமா பண்ணீங்க?”

“லிஃப்டுக்குள்ள ஒரு திரை வச்சு முதலாளி பேசுற வீடியோ போட ஆரம்பிச்சாங்க. வாழ்க்கையில எப்படி மேல ஏறுறதுன்னு பேசுவார். மெமரியில முக்கால்வாசி அவர் மூஞ்சிக்கே போயிடுது. கதவைத் திறக்கிறவனுக்கு இடம் பத்தாம போகும்னு சொன்னேன். ‘அப்போ கதவைச் சின்னதா எழுதச் சொல்லுங்க’ன்னார். ராஜினாமாவை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

“அப்ப நீங்க தப்பிச்சிட்டீங்க” என்றான் தம்பி. “அந்த எண்ணை எடுத்துட்டு எல்லார் முன்னாடியும் ஓட்டினா எவன் குட்டு வெளிப்படுதுன்னு தெரிஞ்சுடும்.”

“என் குட்டே வெளிப்படலாம் தம்பி.”

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

“உண்மையாத்தான் சொல்றேன். எண் இல்லாம ஒரு தடவைகூட ஓடலைன்னா, என் கோட் நிக்குமா விழுமான்னு எனக்கே தெரியாது. விழலாம். விழுந்தா லிஃப்டை நிறுத்தினது நான்தான்.”

“ஓட்ட வேணாம்னு சொல்றீங்களா?” என்றாள் அக்கா.

“ஓட்டுங்க. என் தப்புன்னு காட்டினா இந்தப் பேப்பர்ல ‘வேண்டுமென்றே’ங்கிற வார்த்தையை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடறேன். செஞ்ச தப்புக்குப் போடறதுல எனக்கு வெக்கம் இல்ல. செய்யாததுக்குப் போடத்தான் கை வரமாட்டேங்குது.”

*

மூன்று மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் கூடினார்கள். முதலாளி கடிதத்தைத் தானே கையில் பிடித்துக்கொண்டு வந்து, பேனாவோடு மேஜையில் வைத்தார். சுவரில் இருக்கும் படங்களைவிடக் குள்ளமாக இருந்தார்.

“ஆதாரம் கிடைச்சுதா?” என்று அக்காவைக் கேட்டார்.

“கிடைக்கப் போகுது சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். பச்சை சார் காலையில படியில வந்தார். மத்தியானம் சாப்பிடப் போகும்போதும் படியிலதான் இறங்கினார். ஏறச் சொல்ற டாக்டரைப் பாத்திருக்கேன். இறங்கவும் சொல்ற டாக்டர் இருக்காரா சார்?”

பச்சையின் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்த மூளையை டெஸ்ட் பண்ணித் தேர்ச்சின்னு கையெழுத்துப் போட்டவர் இவர். அதே மூளை ஓடுற லிஃப்டுல இந்தக் கட்டடத்துலயே ஏறாத ஒரே ஆளும் இவர்தான்.”

“என்னய்யா இது?” என்றார் முதலாளி.

“சார், அது வந்து, உடம்பு இளைக்கணும்னு...”

“இளைக்கிறது இருக்கட்டும்” என்றாள் அக்கா. “மறுக்கிற கருவியில ஒண்ணுன்னு ஒரு எண் இருக்கு. அதை எடுத்துட்டு ஓட்டச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

“வேணாம் சார்!” என்று பச்சை அலறினார். “அது நடைமுறைக்கு ஒத்துவராது. தொடர்ந்து மறுக்கிறதுங்கிறது ரொம்ப... ரொம்பக் கடுமையான போக்கு சார்.”

“லிஃப்டுக்கு மனசு கஷ்டப்படுமா சார்?” என்றான் தம்பி.

முதலாளி சிரித்தார். ஆபத்து தன்னை நோக்கி வருகிறது என்று தெரியாதவர்களுக்கே வாய்க்கும் சிரிப்பு அது. “எடுங்கய்யா அந்த எண்ணை. இந்தம்மா கோட் விழட்டும். எல்லாரும் பாக்கட்டும்.”

பச்சை கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். எண்ணை அழித்தார். ஓட்டினார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பத்துத் திரையும் பச்சையாகவே சிரித்தன. பட்டுவாடா கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றார். தம்பி அவரைப் பார்த்தான். அவர் பெட்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பெட்டி சிவந்தது. பின் ஏழாவது. பின் ஒன்று, இரண்டு, பத்து. வரிசை முழுக்க மளமளவென்று சிவப்பு பரவியது. விசிறிகளின் சத்தம் ஏறியது. பெட்டிகள் ஒன்றும் செய்யாமல் மும்முரமாக உழைத்துக்கொண்டிருந்தன.

“பாத்தீங்களா!” முதலாளி கைதட்டினார். “பாத்தீங்களா! பத்தும் போச்சு! போடும்மா கையெழுத்தை!”

பட்டுவாடாவின் முகம் வெளுத்துவிட்டது. சொன்ன சொல் சொன்னதுதான் என்பது போல அவர் ஒரு அடி முன்னால் வந்து, பேனாவுக்குக் கையை நீட்டினார்.

அக்கா பேனாவை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டாள். “டேய், எங்க விழுந்துச்சுன்னு அடியில எழுதியிருக்கும்ல? படி.”

தம்பி மூன்றாவது திரைக்குப் போனான். குனிந்தான். ஏழாவதுக்குப் போனான். பிறகு ஓட்டமும் நடையுமாகப் பத்தையும் சுற்றி வந்தான். திரும்பியபோது அவன் முகம் அநியாயத்துக்குப் பவ்யமாக இருந்தது.

“பத்தும் ஒரே இடத்துலதான் நிக்குதுக்கா. மேடம் எழுதின இடம் இல்ல. அவங்க கோட் ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா இல்லைன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கத் தயாரா இருக்கு. கேட்டவன்தான் நகரமாட்டேங்கிறான்.”

“யார் கேட்டவன்?” என்றார் முதலாளி.

“பேர் போட்டிருக்கு சார். விடாமுயற்சி.”

தம்பி திரையில் ஓடும் வரிகளை விரலால் காட்டினான்.

“மெமரி கேக்குது. இல்லைங்கிறாங்க. மறுபடி கேக்குது. இல்லைங்கிறாங்க. மறுபடி. வேற எதுவுமே அதுல எழுதல சார், மொத்தமும் படிச்சேன். இவன் வார்டன் கவுண்ட்டர்ல மல்லுக்கு நிக்கிறான். ரூம் குடு, ரூம் குடுன்னு. ரூமைக் காலி பண்ணிட்டுச் சாவியைத் திருப்பிக் குடுக்க வந்தவன் இவன் முதுகுக்குப் பின்னாடி காத்துட்டு நிக்கிறான். இவன் வழி விட்டாத்தான் அவன் சாவி குடுக்க முடியும். அவன் சாவி குடுத்தாத்தான் இவனுக்கு ரூம். ரெண்டு பேரும் அப்படியே நிக்க வேண்டியதுதான், மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல.”

“அது எப்படி விழும்?” முதலாளியின் குரல் கீச்சிட்டது. “கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஓடுற கோட்! பச்சை, சொல்லுய்யா!”

பச்சை எழுந்து நின்றார். இத்தனை நேரத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

“முதல்ல நான் எண் இல்லாமத்தான் ஓட்டினேன் சார். பத்தும் படுத்துடுச்சு. சொல்றதுக்கு உங்க ரூமுக்கு வந்தேன். ஒரு பத்திரிகைக்காரருக்கு இதே கோட்டை நீங்க வரி வரியா வாசிச்சுக் காட்டிட்டிருந்தீங்க. என்னைப் பாத்ததும், ‘இவரையே கேளுங்க, ஒரு நாளாவது விழுந்திருக்கா’ன்னீங்க. நான் இல்லைன்னேன்.”

“அப்புறம்?”

“கீழ வந்து அதை உண்மையாக்கினேன் சார். ஒண்ணுன்னு வச்சேன். விழுந்த பெட்டிங்களைப் பழுதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டுப் புதுசா பத்து வாங்கினேன்.”

“அப்பவே சொல்லியிருந்தா இந்தம்மாவைத் திருடி மாதிரி உக்கார வச்சிருக்க மாட்டாங்களே” என்றாள் அக்கா.

பச்சை பட்டுவாடாவைப் பார்த்தார். பார்க்க முடியாமல் பெட்டிகளைப் பார்த்தார். அவையும் சிவப்பாகவே இருந்தன.

முதலாளி தொண்டையைச் செருமினார். ஒரு தலைவர் பிறக்கும் சத்தம் அது. “சரி. நடந்தது நடந்துபோச்சு. நாம எல்லாரும் ஒரு குடும்பம். யார் மேலயும் பழி போட வேணாம்.”

“காலையில போட்டீங்களே சார்?” என்றான் தம்பி.

“அதான் சொல்றேன், ‘வேண்டுமென்றே’ங்கிறதை எடுத்துடலாம். ‘கவனக்குறைவு’ன்னு போட்டுக்கலாம். வாங்க வந்தவர் சாயங்காலத்துக்குள்ள ஒரு பேர் கேக்கிறாரும்மா. ஏதோ ஒரு பேர் குடுத்துதானே ஆகணும்? நீங்கதான் எப்படியும் போறீங்களே!”

பட்டுவாடா அவர் பக்கம் திரும்பினார். சத்தம் போடுவார் என்று தம்பி எதிர்பார்த்தான். அறைவார் என்றுகூடக் கொஞ்சம் ஆசைப்பட்டான்.

“என் கீபோர்டு எங்க?” என்றார் அவர்.

பச்சை ஓடிப்போய்க் கொண்டு வந்து கொடுத்தார். தன்னால் இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பட்டுவாடா உட்கார்ந்தார். தேடி எடுத்தார். சட்டம் போட்டு விளக்கு வைத்து வணங்கப்பட்ட அந்த நிரலைத் தலையிலிருந்து கால்வரை தேர்வு செய்து, ஒரே அழுத்தில் அழித்தார். முதலாளி “ஐயோ” என்றார். அந்த இடத்தில் சில வரிகள் வந்தன. தம்பி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான்: இல்லை என்றால் ஒதுங்கி நில். பின்னால் இருப்பவனுக்கு வழி விடு. அதற்குள், பக்கத்து மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்து வை. அதற்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்.

“எழுப்புப்பா” என்றார்.

தம்பி பத்துச் சிவப்புப் பொத்தான்களையும் ஆசைதீர அழுத்தினான். எண் இல்லாமலேயே ஓட்டினார்கள். பெட்டிகள் தடுமாறின. ஒன்று மஞ்சளாகி முனகிவிட்டு மறுபடி நிமிர்ந்தது. மறுப்பு நின்றபாடில்லை. ஆனால் ஒன்றும் விழவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருந்தும் விழவில்லை.

“பிரமாதம்!” என்றார் முதலாளி. கடிதத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இதை உடனே அனுப்பிடுங்க. அவர் பாத்தா சந்தோஷப்படுவார்.”

மாற்றத்தைச் சேமிக்கப் போனதும் திரையில் ஒரு காலிக் கட்டம் முளைத்தது. ஏன் இந்த மாற்றம் என்று ஒரு வரி எழுதினால்தான் உள்ளே போகும். அந்த வரி அலுவலகம் முழுக்கப் போகும். வாங்க வந்த பெரிய மனிதருக்கும் அதே நொடியில் போகும், ஒப்பந்தம் அப்படி. ஒரு தடவை போனால் போனதுதான், அழிக்க முடியாது.

முதலாளி சட்டென்று குனிந்தார். குரலில் தேன் ஒழுகியது. “பொதுவா ஏதாவது போடும்மா. ‘சிறு மேம்பாடு’ன்னு போடேன். உனக்கு இங்கயே பெரிய இடம் குடுக்கிறேன். தனி அறை. சரியா?”

பட்டுவாடா நிதானமாகத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக அது திரையில் ஏறுவதைக் கூடத்தில் இருந்த எல்லாரும் படித்தார்கள்.

‘முதலாளி எழுதியது நீக்கப்பட்டது. லிஃப்டை நிறுத்தியது இதுதான்.’

அனுப்பினார்.

“அக்கா” என்று தம்பி கிசுகிசுத்தான், “நான் இவங்ககிட்ட வேலைக்குச் சேந்துடறேன்.”

“சம்பளம் கேப்பியேன்னு பயமா இருந்துச்சு. தாராளமா போ.”

முதலாளியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பெரிய மனிதரின் பெயர் திரையில் மின்னியது. முதலாளி அழைப்பை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கையில் தேள் இருப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

பட்டுவாடா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“எடுங்க சார்” என்றார். “அவருக்கு ஒரு பேர் வேணும்னீங்களே? ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க.”